பலகைக்கு முத்திரை உண்டு, கைக்கு?

கொச்சித் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த பிளைவுட் தொழில், தரச் சான்றிதழ் காலத்துக்குள் நுழைந்திருக்கிறது. வேலை தெரிந்தவர்களிடம் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் வைத்திருக்கும் பட்டதாரிகளுக்கோ இப்படி ஒரு வேலை இருப்பதே தெரிவதில்லை.

வில்லிங்டன் தீவில் காகிதம் இல்லாமல் எதுவும் நகர்வதில்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920இல் கொச்சிக்கு வந்து, காயலின் அடியிலிருந்து வாரியெடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு இது. மேற்குக் கரையில் மட்டாஞ்சேரி வார்ஃப், கிழக்கில் எர்ணாகுளம் வார்ஃப். இடையே சுங்க அலுவலகம், கப்பல் ஏஜெண்டுகளின் அறைகள், தேயிலைக் கிடங்குகள். கண்டெய்னர்கள் 2011 முதல் வடக்கேயுள்ள வல்லார்பாடம் முனையத்தில் இறங்குகின்றன. காகிதம் பெரும்பாலும் கணினித் திரைக்கு மாறிவிட்டது. ஆனால் விதி மாறவில்லை: ஆவணம் இருந்தால்தான் சரக்கு வெளியே போகும்.

இந்தச் சரக்குகளில் மரமும் உண்டு. முழு மரமாகவும் வரும், காகிதம்போல் மெல்லிய வெனீர் தாள்களாகவும் வரும். வெளிநாட்டு மரம் உள்ளே வர வேண்டுமானால், பூச்சியோ பூஞ்சையோ ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று அது புறப்பட்ட நாட்டின் அரசு சான்றளிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அப்படிச் சொல்கிறது. என்ன மரம், எந்த நாடு, எத்தனை கன மீட்டர் என்று எல்லாமே பதிவாகிறது.

அந்த வெனீர் போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது, தீவிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியுள்ள பெரும்பாவூர். நூற்றுக்கணக்கான பிளைவுட், வெனீர் ஆலைகள் அந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் இயங்குகின்றன. அங்கே மரத்தைப் பலகையாக்குபவர் அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ வந்தவர். பத்து வருடமாக அதே இயந்திரத்தின் முன் நின்றிருப்பார். மரத்தைத் தொட்டுப் பார்த்தே அதன் ஈரத்தைச் சொல்லக்கூடியவராக இருப்பார். ஆனால் அவருக்கு அந்த வேலை தெரியும் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் இருப்பது அபூர்வம்.

இதுவரை அது யாருக்கும் பெரிய குறையாகத் தோன்றவில்லை. இனி அப்படி இருக்க முடியாது.

தேயிலைப் பெட்டியின் வாரிசு

இந்தியாவில் பிளைவுட் பிறந்தது வீட்டு அலமாரிக்காக அல்ல, தேயிலைக்காக. தேயிலையைக் கப்பலேற்ற எடை குறைந்த, உறுதியான பெட்டி தேவைப்பட்டது. அந்தப் பெட்டிக்கான பலகை முதலில் வெளிநாட்டிலிருந்து வந்தது. பிறகு தேயிலையும் காடும் அருகருகே இருந்த அசாமில், மார்கெரிட்டா, தின்சுகியா பகுதிகளில் ஆலைகள் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது இறக்குமதி தடைப்பட, உள்நாட்டு ஆலைகள் பெருகின. கேரளத்தில் கண்ணூர் அருகே வளபட்டணத்தில் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் 1945இல் தொடங்கியது. கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கிய 1947க்குப் பின் பல பத்தாண்டுகள் இந்தத் துறைமுகத்திலிருந்து தேயிலை போனது பிளைவுட் பெட்டிகளில்தான். இந்தியத் தர நிர்ணய வரிசையில் பத்தாம் எண்ணே தேயிலைப் பெட்டிக்கு உரியது என்பதிலிருந்து அதன் அந்தக் கால முக்கியத்துவம் புரியும். பிற்பாடு பலஅடுக்குக் காகிதச் சாக்கு பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெட்டி போனாலும் தொழில் நிலைத்தது.

அந்தத் தொழிலை அசாமிலிருந்து கேரளத்துக்கு இழுத்து வந்தது, விந்தையாக, தமிழ்நாட்டுக் காடு பற்றிய ஒரு வழக்கு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரியின் கூடலூர் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் வழக்கைக் கூடலூரோடு நிறுத்தவில்லை, நாடு முழுவதற்குமாக விரித்தது. 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த உத்தரவில், அருணாசலப் பிரதேசத்தின் திராப், சங்லாங் மாவட்டங்களிலும், அந்த எல்லையிலிருந்து 100 கி.மீ.க்குள் அசாமிலும் இருந்த மர அறுவை ஆலைகள், வெனீர் ஆலைகள், பிளைவுட் ஆலைகள் அனைத்தையும் உடனடியாக மூடச் சொன்னது. வடகிழக்கிலிருந்து மரம் வெளியே செல்லவும் தடை வந்தது.

காட்டுக்கு அது உயிர் கொடுத்த உத்தரவு. ஆலைத் தொழிலாளிக்கோ ஒரே நாளில் பிழைப்பு போயிற்று. அதே காலத்தில் பெரும்பாவூர் வளர்ந்துகொண்டிருந்தது. பெரியாற்றங்கரையில் மர வியாபாரத்துக்குப் பெயர்பெற்றிருந்த அந்த ஊருக்கு ரப்பர் தோட்டங்கள் பக்கத்திலேயே இருந்தன. சுமார் 25, 30 வருடம் பால் வடித்தபின் வெட்டப்படும் ரப்பர் மரம் முன்பெல்லாம் விறகுக்கும் பெட்டி செய்யவும் போகும். காட்டு மரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின் அதுவே கேரள பிளைவுட்டின் மூலப்பொருள் ஆகிவிட்டது. ஹரியானாவின் யமுனாநகரில் பாப்ளர் மரம் செய்த வேலையைப் பெரும்பாவூரில் ரப்பர் மரம் செய்தது. மரம் இருந்தது, வேலை தெரிந்த ஆள் வேண்டும். வேலை தெரிந்த ஆட்கள் அசாமில் வேலையில்லாமல் இருந்தார்கள். ரயில் அவர்களை ஆலுவாவில் இறக்கிவிட்டது. அதற்கு முன் கேரளத்துக்குக் கூலி வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பெருமளவில் ஆட்கள் வரும் பாதையைத் திறந்ததில் பிளைவுட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு.

கவனிக்க வேண்டியது ஒன்று: வந்தவர்கள் வெறும் கூலியாட்களாக வரவில்லை, ஒரு தொழிலைக் கையில் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவர் தம்பியை அழைத்தார். தம்பி ஊர்க்காரரை அழைத்தார். புதிதாக வந்தவர் பழையவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாவூரின் பயிற்சிப் பள்ளி இதுதான்.

ஆலைக்குள் ஏணி

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு பிளைவுட் ஆலை இரைச்சலும் தூசியுமாகத் தெரியும். உள்ளே நுணுக்கமான வேலைப் பிரிவினை இருக்கிறது. பட்டை உரித்த உருட்டு மரத்தை பீலிங் மெஷினில் சுழலவிட்டு, நீளமான கத்தியால் பென்சில் சீவுவதுபோல் சீவுகிறார்கள். மரம் தொடர்ச்சியான தாளாக விரிந்து வருகிறது. கத்திக்கும் அதன் எதிரே அழுத்தும் பட்டைக்கும் உள்ள இடைவெளி சிறிது பிசகினாலும் தாள் ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்துவிடும், அல்லது மேற்பரப்பு சொரசொரப்பாகும். அதனால் பீலிங் மெஷின்காரருக்கு ஆலையில் தனி மதிப்பு.

அடுத்து உலர்த்தல். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால், வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், துளைக்கும் வண்டும் வரும். சீக்கிரம் சீவி, மருந்தில் நனைத்து, காயவைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் பிறகு ஹாட் பிரஸ்ஸின் சூட்டில் நீராவியாகிப் பலகை கொப்புளம் விடும். காய்ந்த தாள்களைத் தரம் பிரித்து, துண்டுகளை இணைத்து முழுத் தாளாக்குவது ஒரு பிரிவு. இங்கே பெண்களும் வேலை செய்கிறார்கள். பிறகு பசை பூசி, ஒரு தாளின் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் இருக்குமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்குகிறார்கள். பிளைவுட்டின் பலம் இந்தக் குறுக்கு அடுக்கில்தான் இருக்கிறது. மேலே ஒட்டும் அழகான தாள் பெரும்பாலும் கப்பலில் வந்தது. பின்னர் குளிர் பிரஸ், ஹாட் பிரஸ், ஓரம் அறுத்தல், தேய்த்தல்.

பசை காய்ச்சுவது தனிக் கலை. யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துக் காய்ச்சினால் வீட்டின் உட்புறப் பலகைக்கான பசை. ஃபீனால் சேர்த்தால் தண்ணீரைத் தாங்கும் கரும்பசை. சூடு எவ்வளவு, அமில காரநிலை என்ன, குழம்பு எவ்வளவு கெட்டிப்பட்டதும் நிறுத்துவது என்பதில் தவறினால் ஒரு கெட்டில் பசை முழுக்க வீண்.

ஆக, ஏணி இப்படி: ஹெல்பர், தாள் அடுக்குபவர், பசை பூசுபவர், பிரஸ் ஆபரேட்டர், பீலிங் ஆபரேட்டர், சூப்பர்வைசர். திறமையும் கொஞ்சம் முதலும் சேர்ந்தால் ஆள் சேர்த்துத் தரும் கான்ட்ராக்டராகலாம். பக்கவாட்டில் இன்னோர் ஏணி: பசைக் கெமிஸ்ட், தரக் கட்டுப்பாட்டு அதிகாரி, உற்பத்தி மேலாளர், ஆலை மேலாளர். முதல் ஏணியில் ஏறியவர்கள் இரண்டாவதற்குத் தாவுவது அரிது. முதல் ஏணிக்கு அனுபவம் போதும், இரண்டாவதற்குச் சான்றிதழ் வேண்டும்.

பெங்களூர் வழி

அந்தச் சான்றிதழைத் தரும் இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை. முதன்மையானது பெங்களூரில் இருக்கிறது. பிளைவுட் ஆலைகள் கூட்டாக நடத்திய ஆய்வுக்கூடமாக 1960களின் தொடக்கத்தில் உருவாகி, பின்னர் இந்திய பிளைவுட் தொழில் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் என்று பெயர் பெற்றது அது. மூங்கில் பாய்களைப் பசையிட்டு அழுத்திப் பலகையும் கூரைத் தகடும் செய்யும் நுட்பம் இங்கே உருவானது. அண்மை ஆண்டுகளில் இது மத்திய அரசின் வன ஆராய்ச்சிக் கவுன்சிலின்கீழ், அதே ஊரிலுள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

இங்கே உருவான ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புதான் பலகை ஆலை மேலாளர்களுக்கான நாற்றங்கால். அறிவியல் பட்டதாரிகளையும் பொறியியல் பட்டதாரிகளையும் மனதில் கொண்டு வகுக்கப்பட்டது அது. மரத்தின் உள்ளமைப்பு, பசை வேதியியல், பிரஸ் இயக்கம், சோதனை முறைகள் என்று பாடங்கள். ஏற்கெனவே ஆலையில் இருப்பவர்களுக்குப் பசை தயாரிப்பிலும் தரச் சோதனையிலும் குறுகிய காலப் பயிற்சிகளும் நடந்துவந்திருக்கின்றன. சேர விரும்புவோர் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை நிறுவனத்திடம் விசாரித்துக்கொள்வது நல்லது. மேலே படிக்க விரும்புவோருக்கு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனப் பல்கலைக்கழகத்தில் மர அறிவியல் எம்.எஸ்ஸி. இருக்கிறது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி வனவியல் பட்டம் தருகிறது. பிளைவுட்டுக்கு ஏற்ற மலைவேம்பை உழவர்களிடம் கொண்டுபோனதில் அந்தக் கல்லூரியின் பங்கு பெரிது.

இந்தப் படிப்புகளை முடித்தவர்கள் போகுமிடம் பிளைவுட் ஆலை மட்டுமல்ல. பசைக் கம்பெனிகளின் தொழில்நுட்பப் பிரிவு, இயந்திர விற்பனை, இறக்குமதி மரத்தின் இனம் அறிந்து தரம் பார்க்கும் வேலை என்று கிளைகள் உண்டு. வேகமாக வளர்வது எம்.டி.எஃப். துறை. மரத்தை நாராக்கி, பசை கலந்து, நீண்ட பிரஸ்ஸில் இடைவிடாமல் அழுத்தும் முறை அது. தமிழக எல்லைக்குச் சற்று அப்பால், ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்திப் பக்கம் கிரீன்பேனல் நிறுவனத்தின் ஆலை 2018 முதல் இயங்குகிறது. கடப்பை மாவட்டம் பத்வேலில் செஞ்சுரி நிறுவனத்தின் ஆலை வந்திருக்கிறது. இங்கே பெரும்பாவூர்போல் ஆட்கள் கூட்டமாக நிற்பதில்லை, கட்டுப்பாட்டு அறையில் திரைகளைப் பார்த்தபடி சிலர் உட்கார்ந்திருப்பார்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்த ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆட்களுக்கு இத்தகைய ஆலைகள்தான் வாசல்.

வேதியியல் பட்டம் வாங்கிய தமிழக இளைஞருக்கு மருந்துக் கம்பெனி தெரியும், சாயப்பட்டறை தெரியும். மரப்பலகை ஆலையில் ஒரு கெமிஸ்ட் நாற்காலி காத்திருப்பது தெரியாது. அவருடைய கல்லூரியிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முத்திரை வந்தது

இந்த இடைவெளியை இத்தனை நாள் தாங்கிக்கொண்ட தொழிலுக்கு இப்போது நெருக்கடி. பிளைவுட், மரக் கதவுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2023இல் அறிவித்தது. அவகாசம் நீட்டிக்கப்பட்டு, 2025 பிப்ரவரி 28 நடைமுறைத் தேதியானது. சிறு, குறு ஆலைகளுக்குக் கூடுதலாகச் சில மாதங்கள் தரப்பட்டன. பெரும்பாவூரின் ஆலைகளில் பெரும்பாலானவை சிறியவைதான்.

முத்திரைக்கு உரிமம் வாங்க, பலகை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஆலையிலேயே சோதனைக்கூடம் வேண்டும். அதில் சோதனை செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் பதிவேடு வேண்டும். உதாரணமாக, கப்பலுக்கும் படகுக்கும் உரிய ஐ.எஸ். 710 ரகப் பலகையின் மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைத்தும் பசை விடக்கூடாது. மூன்று பகல், மூன்று இரவு. இடையில் நீர் வற்றாமல் பார்ப்பதும், பிறகு கத்தியால் நெம்பிப் பிரித்து, பிரிந்தது பசையா மரமா என்று கண்டு எழுதுவதும் ஒருவருடைய வேலை. பசை விட்டால் பலகை தோல்வி. மரநார் கிழிந்து பசை நின்றால் வெற்றி.

இந்த ‘ஒருவர்’ எங்கிருந்து வருவார் என்பதுதான் கேள்வி. பெங்களூரிலிருந்து வெளிவரும் பட்டயக்காரர்கள் நாட்டிலுள்ள ஆலைகளுக்கெல்லாம் போதமாட்டார்கள். அவர்களைப் பெரிய கம்பெனிகள் முதலில் அழைத்துக்கொள்ளும். பெயருக்கு ஒரு பட்டதாரியை நியமித்து, பதிவேட்டை மேசையிலேயே நிரப்பிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அப்படி நடந்தால் முத்திரைக்கு அர்த்தமில்லை. நஷ்டம், அலமாரி வாங்கும் வீட்டுக்காரருக்கு.

இருக்கும் கைகளுக்கு ஒரு தேர்வு

விடை ஆலைக்குள்ளேயே இருக்கிறது. பாய்லர் அறையைப் பாருங்கள். கொதிகலனை இயக்குபவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் சொல்வதால், தீ மூட்டும் வேலையில் சேர்ந்தவர்கூட உரிய காலம் பணியாற்றி, தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்ற அட்டெண்டர் ஆக வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழோடு அவர் சர்க்கரை ஆலைக்கும் போகலாம், நூற்பாலைக்கும் போகலாம். அனுபவத்தைக் காகிதமாக்கும் இந்த ஏற்பாடு பீலிங் மெஷினுக்கும் ஹாட் பிரஸ்ஸுக்கும் பசைக் கெட்டிலுக்கும் இல்லை.

மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், வேலை செய்தே கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிரிவு ஒன்று ஏற்கெனவே உண்டு. மரச்சாமான் துறைக்குத் தனித் திறன் கவுன்சிலும் உண்டு. ஆனால் சில நாள் வகுப்பும் ஒரு அட்டையும் தந்து அனுப்பினால் ஆலை முதலாளி அதை மதிக்கமாட்டார். பசை சோதனையும் ஈரம் அளப்பதும் கத்தி அமைப்பதும் செய்முறைத் தேர்வாக இருந்து, தேறியவருக்குக் கூலியிலும் பதவியிலும் வித்தியாசம் கிடைத்தால்தான் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வகுப்புக்கு வருவார். வகுப்பு அவருக்குப் புரியும் மொழியிலும் நடக்க வேண்டும். புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கக் கேரள எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் தொடங்கிய ‘சங்ஙாதி’ திட்டம், இந்த ஊரில் வயது வந்தவர்களுக்கு வகுப்பு நடத்த முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது.

பயிற்சியின்மைக்கு விலை பலகையில் மட்டும் தெரிவதில்லை, உடம்பிலும் தெரிகிறது. பிரஸ்ஸும் கத்தியும் விரலைப் பறிக்கக்கூடியவை. பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்தது. மரத்தூசி பற்றி அதற்கு முன்பே, 1995இல் அதே முடிவுக்கு வந்திருந்தது. கண் எரிவது ஏன் என்று தெரியாதவர் முகமூடியைக் கழற்றித்தான் வைப்பார். தூசியை உறிஞ்சும் குழாயைப் பொருத்தும்படி முதலாளியிடம் கேட்கவும் அவருக்குத் தெரியாது.

2020 மே 1 அன்று, கொரோனா ஊரடங்கின் நடுவே, ஆலுவாவிலிருந்து புவனேஸ்வருக்குத் தொழிலாளர் சிறப்பு ரயில் புறப்பட்டது. தொடர்ந்து பல ரயில்கள். இயந்திரம், மரம், பசை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் அவற்றைப் பலகையாக்கும் அறிவு ரயிலேறிப் போனது. அந்த அறிவு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை.

வில்லிங்டன் தீவைத் தாண்டி உள்நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு கட்டு வெனீருக்கும் பிறந்த நாடும் இனமும் பதிவாகின்றன. அது பலகையாகி லாரியேறும்போது மூலையில் தர எண்ணும் உரிம எண்ணும் பதிகின்றன. நடுவில் அதைச் சீவி, உலர்த்தி, அடுக்கி, அழுத்தியவருக்கு மட்டும் எந்தப் பதிவும் இல்லை. முத்திரை பொய்யாகாமல் இருக்க வேண்டுமானால், அந்தக் கைகளைத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தந்து பதிவு செய்வதுதான் பெரும்பாவூருக்கு முன்னுள்ள குறைந்த செலவு வழி.